அவ்வா கேட்டது பன் அல்ல

தெலுங்கு தெரியாமல் இனி திருவண்ணாமலையில் கடை நடத்த முடியாது என்கிறார்கள். அதே ஊரில், தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசிவந்த வீடுகளில், பாட்டி பேசுவது பேரனுக்குப் புரிவதில்லை. முதல் விஷயத்தைப் பற்றிக் காரசாரமாக விவாதிக்கிறோம். இரண்டாவது விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை. அது நான்கு சுவருக்குள் நடக்கிறது.

என் அவ்வாவுக்கு அப்போது வயது 88. தெலுங்கு வீடுகளில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒருநாள் மாலை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு "பன்னு, பன்னு" என்று முனகிக்கொண்டிருந்தார். வீட்டில் அப்போது இருந்தவன் என் மகன் மட்டும். எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். தெருமுனை டீக்கடைக்கு ஓடிப்போய் ஒரு பன் வாங்கிவந்து, பாலில் நனைத்து ஊட்டப் பார்த்திருக்கிறான். அவ்வா தட்டைத் தள்ளிவிட்டார். மறுபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதே வார்த்தை. நான் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

தெலுங்கில் பன்னு என்றால் பல். அவ்வாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.

அவ்வா தமிழ் தெரியாதவர் அல்ல. போளூர் சந்தையில் வேர்க்கடலை வியாபாரிகளைத் தமிழில் மடக்கிப் பேசி விலை வாங்கியவர். லேசான பக்கவாதம் ஒன்று வந்துபோன பிறகு, ஞாபகம் மங்க மங்க, தமிழ் அவரிடமிருந்து கழன்று விழுந்துவிட்டது. சிறுமியாக இருந்தபோது பேசிய தெலுங்கு மட்டும் நின்றது. அவரைச் சுற்றி இருந்த எங்கள் யாருக்கும் அதைத் திருப்பிப் பேச வாய் வரவில்லை.

கடைத்தெருவுக்கு வந்த தெலுங்கு

கடந்த சில ஆண்டுகளில் இங்கே வந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பௌர்ணமிதோறும் கூட்டம் கூட்டமாக மக்கள் கிரிவலத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் அருணாசலம். இரு மாநில அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இதற்கென்றே சிறப்புப் பேருந்துகள் விடுகின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் "ரண்டி, ரண்டி" என்று கூப்பிடாத கடை குறைவு. விடுதிப் பலகையிலும் சாப்பாட்டுக் கடைப் பலகையிலும் தெலுங்கு ஏறிவிட்டது.

இதில் சிலருக்கு வருத்தம். ஊர்ப் பெயரே மாறிவிடுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், பலகை விஷயம் ரொம்ப எளிது. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக, அடுத்து ஆங்கிலம், அதற்கடுத்து பிற மொழி, அளவு 5:3:2 என்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே விதி இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தினால் போதும். யாத்ரீகர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும், தமிழ் தலைமாட்டில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. பேருந்து நிலையத்தில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர், பூக்கட்டும் அம்மா, பொரி விற்கும் பையன் ஆகியோர் இரண்டே வருடத்தில் வியாபாரத்துக்கு வேண்டிய தெலுங்கைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது, மானியம் கிடையாது. தேவை இருந்தது, பேச ஆள் இருந்தது, கற்றுக்கொண்டார்கள். ஒரு மொழியைப் பேச்சளவில் பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அந்த முயற்சியில் பத்தில் ஒரு பங்கைக்கூட நான் என் அவ்வாவுக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இருந்த தெலுங்கு

இந்தப் பகுதிக்குத் தெலுங்கு புதிதாக வந்த விருந்தாளி அல்ல. அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர் கட்டி முடித்தார். அந்தக் காலத்தில் படையோடும் ஏரோடும் தறியோடும் வந்து தங்கிய குடும்பங்கள் ஏராளம். சுத்தத் தமிழ் ஊர் என்று நாம் நினைக்கும் பல ஊர்களில் தெலுங்கு பேசும் தெரு ஒன்று உண்டு.

போளூர், ஆரணி, வந்தவாசி வட்டாரங்களும் சித்தூரும் 1911 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். சித்தூர் தனி மாவட்டமான பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. நிலத்தில் கோடு போட்டார்கள். சமையலறையில் போட முடியவில்லை. என் அவ்வா அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்தான்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். அந்த 42 லட்சத்தில் எத்தனை பேர் தம் பேரப்பிள்ளைகளோடு அந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கணக்கெடுப்பு கேட்பதில்லை.

எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வா தெலுங்கில் கனவு கண்டவர். அப்பா தெலுங்கு பேசுவார், தமிழில் யோசிப்பார். எனக்குக் காதில் விழும், வாயில் வராது. என் மகனுக்கு அது பக்கத்து வீட்டு டிவி சத்தம். ஒரு தலைமுறைக்கு ஒரு படியாக இறங்கி, நாலாவது படியில் தரை தட்டிவிட்டது.

யாரும் தடுக்கவில்லை. அரசாங்கம் தடை போடவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்தார்கள் என்று நான் அழுதுகொண்டு வந்த அன்று, இனி வீட்டில் தமிழே பேசுவோம் என்று அப்பா முடிவு செய்தார். அவ்வளவுதான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தமிழ் எனக்குச் சோறு போட்டது, பெயர் தந்தது; இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதில்தான். ஆனால், ஒன்றைப் பிடிக்க இன்னொன்றைக் கைவிட வேண்டும் என்று அன்று எங்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அது பொய்.

பொய் என்பதற்கு நம் இலக்கியமே அத்தாட்சி. தமிழில் கரிசல் எழுத்துக்கு வழிபோட்ட கி.ராஜநாராயணன் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறியவர்களின் கதையைத்தான் ‘கோபல்ல கிராம’மாக 1976-ல் தந்தார். சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘காதுகள்’ நாவலின் ஆசிரியர் எம்.வி.வெங்கட்ராமின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொண்டவர்களால் தமிழ் கொழுத்தது, மெலியவில்லை.

ஆஸ்பத்திரியில் தெரியும் அருமை

மொழி போனால் பண்பாடு போகும் என்று மேடையில் பேசுவோம். அது பெரிய பேச்சு. நடைமுறையில் முதல் அடி விழுவது நோய்ப் படுக்கையில்.

மறதிநோய் வந்த இருமொழிக்காரர்கள் பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் தேய்கிறது, பால்ய மொழி கடைசிவரை நிற்கிறது. பல நாடுகளிலும் மருத்துவர்கள் கவனித்த விஷயம் இது. பக்கவாதத்துக்குப் பிறகும் இரண்டு மொழியில் ஒன்று மட்டும் திரும்பி வருவதுண்டு. முதியோர் அதிகமாகிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டில், இது அபூர்வமான வீட்டுக் கதையாக இருக்கப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு வீட்டில் நடந்தது. பாட்டியை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "கடுபு, கடுபு" என்றார் பாட்டி. கூடப்போன பேத்தி காதில் அது ‘கடுப்பு’ என்று விழுந்தது. அவள் அப்படியே சொல்ல, நர்ஸ் நீர்க்கடுப்பு என்று எழுதிக்கொண்டார். சிறுநீர்ப் பரிசோதனை, அதற்கொரு மாத்திரை என்று ஒரு நாள் முழுக்கப் போனது. தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. பாட்டிக்கு வயிற்றுவலி. மறுநாள் வேலூரிலிருந்து வந்த பெரிய மகள்தான் புரிந்துகொண்டாள்.

இதில் பேத்தி மீது தப்பில்லை, நர்ஸ் மீதும் இல்லை. தெலுங்கும் தமிழும் ஒட்டிப் பிறந்த மொழிகள் என்பதால் வரும் வினை இது. சீன மொழியாக இருந்தால் புரியவில்லை என்பதாவது புரியும். இங்கே புரிந்ததுபோல் இருக்கும், தப்பாகப் புரிந்திருக்கும். ‘குண்டெ’ என்றால் நெஞ்சு, இருதயம். ‘குண்டெ நொப்பி’ என்று ஒரு கிழவி சொல்லும்போது, அது நெஞ்சுவலி என்று கூட நிற்பவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் நடந்தது

நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப்போன சிங்கப்பூரில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே குடியேறிய சீனர்களில் மிகப் பெரிய பிரிவினர் பேசியது தென்சீனத்தின் ஹொக்கியன். கடைத்தெருவும் துறைமுகமும் அதில்தான் ஓடின. அன்றைய பிரதமர் லீ குவான் யூ அதைக் கற்றே ஆக வேண்டிய கட்டாயம் 1961-ல் ஹாங் லிம் இடைத்தேர்தலில் வந்தது. ஆள் வைத்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு மேடையில் பேசினார்.

அதே லீ 1979-ல் ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஹொக்கியன், தியோசூ, கேன்டனீஸ் எல்லாம் வீட்டில்கூடப் புழங்கக் கூடாது என்று அரசு பெற்றோரை வற்புறுத்தியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த மொழிகளின் நிகழ்ச்சிகள் அடுத்த சில ஆண்டுகளில் இறங்கிவிட்டன. பிள்ளைகள் மாண்டரினும் ஆங்கிலமும் படித்தார்கள், நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் ‘ஆ மா’ என்று கூப்பிட்ட பாட்டியிடம் அதற்கு மேல் பேச வார்த்தை இல்லாமல் போயிற்று.

2010-ல் சீனக் கிளைமொழிகளை வீட்டில் முக்கியமாகப் பேசியோர் 14.3 சதவீதம். 2020-ல் அது 8.7 சதவீதம். நாம் கவனிக்க வேண்டிய இன்னோர் எண்ணும் அதே கணக்கெடுப்பில் இருக்கிறது. வீட்டில் முக்கியமாகத் தமிழ் பேசியோர் 2.5 சதவீதம். ஆட்சிமொழி என்ற தகுதி, பள்ளியில் பாடம், தொலைக்காட்சி, வானொலி எல்லாம் இருந்தும்!

வேடிக்கை என்னவென்றால், முதியோருக்கான நலத்திட்டங்களை விளக்க வேண்டியபோது சிங்கப்பூர் அரசுக்கே ஹொக்கியன் தேவைப்பட்டது. 2014-க்குப் பிறகு கிளைமொழிகளில் விளம்பரப் படங்கள் வந்தன. 2016-ல் ஹொக்கியனில் ஒரு தொலைக்காட்சித் தொடரே எடுத்தார்கள். தொடரின் பெயர் ‘சாப்பிட்டாச்சா’ என்று அர்த்தம் வருவது. மருந்து, பணம், உதவி பற்றிய தகவல்களைக் கதைக்குள் வைத்துப் பாட்டிகளுக்குச் சொன்னார்கள்.

இப்போது அங்கே இருபது, முப்பது வயதுக்காரர்கள் ஹொக்கியன் கற்கக் கிளம்பியிருக்கிறார்கள். வேலைக்கு அல்ல, தேர்வுக்கு அல்ல. பாட்டியிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்கவும், அவர் பதிலுக்குச் சொல்வதைப் புரிந்துகொள்ளவும். சந்தையில் மதிப்பில்லாத மொழியை அவ்வளவு சிரமப்பட்டுக் கற்கிறார்கள். நமக்கோ சந்தையிலும் மதிப்புள்ள மொழி, வீட்டுத் திண்ணையிலேயே வாத்தியார், கற்க நேரமில்லை.

ஆட்டோ ஓட்டுநர் கற்றுத்தந்த பாடம்

பன் வாங்கிவந்த அன்று இரவு நான் தெலுங்கு கற்பதென்று முடிவு செய்தேன். வயது நாற்பத்தைந்து. அப்பா இல்லை. அக்கம்பக்கத்தில் பேசுகிறவர்கள் குறைவு. கடைசியில் எனக்குக் கிடைத்த வாத்தியார், வழக்கமாகச் சவாரி போகும் ஆட்டோ ஓட்டுநர். பிறவித் தமிழர். யாத்ரீகர்களிடமும் சினிமாப் பாட்டிலும் தெலுங்கு கற்றவர்.

முதல் வாரம் அவர் சொல்லித்தந்த "பாகுன்னாவா?" என்பதை அவ்வாவிடம் போய்ச் சொன்னேன். நலமா என்று அர்த்தம். அவ்வா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னடா சினிமாக்காரன் மாதிரி பேசுகிறாய் என்று தெலுங்கில் கேட்டார். அவர் ஊர்ப் பேச்சில் அது "பாகுண்டாவா". சாப்பிட்டாயா என்பது "திண்டிவா". நூறு ரூபாயை ஆட்டோக்காரர் "வந்த" என்பார். அவ்வாவுக்கு அது "நூரு"தான்.

வேர்க்கடலையில்தான் சிக்கல் முற்றியது. ஐதராபாத் பக்கத்து யாத்ரீகர்கள் கேட்பதைப் போல "பல்லி" என்று நான் சொல்ல, அவ்வா சுவரை நிமிர்ந்து பார்த்தார். தெலுங்கு மட்டுமே மிச்சமிருந்த அவர் மனசுக்குள் எங்கோ ஒரு மூலையில் தமிழ்ப் பல்லி உயிரோடு இருந்திருக்கிறது! அவருக்கு வேர்க்கடலை ‘செனக்காய’. இந்த மாவட்டத்து மானாவாரி நிலமெல்லாம் வேர்க்கடலை. ஆயுள் முழுக்க அதை உரித்தவருக்கு அந்தச் சொல்லைத் தப்பாகச் சொன்னால் பொறுக்குமா? மூன்று முறை திருத்திச் சொல்லவைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அதிகாரமாகப் பேசிக் கேட்டது அன்றுதான்.

பாட்டியின் மொழி வேறு, பாடப்புத்தகத்தின் மொழி வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ்நாட்டுத் தெலுங்கு, பிரிந்துவந்த காலத்துப் பழைய வடிவங்களையும் தமிழிடம் வாங்கிய சொற்களையும் சேர்த்துவைத்திருக்கும் தனிப் பேச்சு. விஜயவாடாவில் அச்சான புத்தகத்தில் அது இருக்காது. செல்போன் செயலியிலும் கிடைக்காது. சென்னை உருது, தில்லி உருது அல்ல. மதுரைச் சௌராஷ்டிரம், குஜராத்தி அல்ல. பாட்டியின் மொழிக்குப் பாட்டிதான் புத்தகம்.

இன்னொன்றும் புரிந்தது. எழுத்து தேவையில்லை. தெலுங்கு எழுத்துகளில் எனக்கு இன்றுவரை பாதி தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டேன். முதலில் உடம்பின் பெயர்கள், பிறகு சாப்பாடு, பிறகு உறவு. கன்னு, செவி, நோரு, செய்யி, காலு என்று பாதிச் சொற்கள் ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவை மாதிரிதான் இருக்கும். எழுத்தில் தொடங்கியிருந்தால் ஒரு மாதத்தில் விட்டிருப்பேன்.

ஆறாவது வாரம் என்று நினைக்கிறேன். தன் அம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றி அவ்வா அரைமணி நேரம் பேசினார். எனக்குப் புரிந்தது பாதிகூட இருக்காது. அதுவரை என்னை யாரோ வைத்தியர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், நடுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இறைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எட்டு மாதம் எங்களுக்குக் கிடைத்தது. 2024-ல் போய்ச் சேர்ந்தார்.

தெலுங்கு மட்டுமா?

இது ஒரு மொழிக்காரர்களின் பிரச்சினை அல்ல. இந்த ஊரிலேயே தாதி, நானி என்று பாட்டியைக் கூப்பிடும் உருது வீடுகள் உண்டு. கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. பக்கத்தில் ஆரணி, வாலாஜாபேட்டையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள். தியாகராஜரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் அந்த வழியில் வந்தவர்தான். சௌராஷ்டிரத்துக்கு எழுத்து இருக்கிறது, கணினியில் ஏறிய எழுத்துரு இருக்கிறது. பேசும் பிள்ளைகள்தான் குறைகிறார்கள்.

நேர் எதிரான காட்சி கோயில் வாசலில் கிடைக்கும். பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண், வாடிக்கையாளரிடம் தமிழ், தெலுங்கு, கொஞ்சம் ஆங்கிலம் பேசிவிட்டு, திரும்பித் தன் குழந்தையிடம் வாக்ரிபோலியில் அதட்டுகிறாள். அந்தக் குழந்தையும் அதே மொழியில் எதிர்த்துப் பேசுகிறது. அவர்கள் மொழிக்கு எழுத்தில்லை, பள்ளியில்லை. நம் எல்லோரையும்விட ஏழைகளான அவர்கள் செய்வதை நாம் செய்யவில்லை.

இதே ஊரில் நல்ல உதாரணமும் இருக்கிறது. மனோஜ் குரூரின் மலையாள நாவலை ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’ என்று தமிழாக்கி, 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது பெற்ற கே.வி.ஜெயஸ்ரீ திருவண்ணாமலைக்காரர். மலையாளம் அவருக்கு வீட்டு மொழி. அதை அவர் கைவிட்டிருந்தால் தமிழுக்கு ஒரு நல்ல நாவல் குறைந்திருக்கும்.

இதை மும்மொழிச் சண்டைக்குள் யாரும் இழுத்துவிடக் கூடாது. 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. அந்த வழக்கின் நியாயங்கள் இருபுறமும் உண்டு. நான் கேட்பது பள்ளியில் இன்னொரு பாடம் அல்ல, இன்னொரு தேர்வும் அல்ல. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தமிழை நன்றாகக் கற்கட்டும். மாலையில் பத்து நிமிடம் பாட்டியிடம் பேசட்டும்.

தமிழ் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். தீபத்துக்குப் பெங்களூரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகளிடம், வேட்டியைச் சரிசெய்துகொண்டே தாத்தாக்கள் உடைந்த ஆங்கிலத்தில் பேசுவதை நான் சன்னதித் தெருவில் பார்க்கிறேன். பிள்ளை தாத்தா மொழிக்கு வரவில்லை. தாத்தா பிள்ளை மொழிக்குப் போகிறார். அவருக்கு ஞாபகம் பிசகும் நாளில் அந்த ஆங்கிலம்தான் முதலில் உதிரும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை ஆஸ்பத்திரியில். உடல் உறுப்புகள், வலி, மயக்கம், மூச்சு, பசி, தாகம் என்று முப்பது சொற்கள் போதும். தெலுங்கு, உருது, கன்னடம், சௌராஷ்டிரம் ஆகியவற்றின் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில், தமிழ் எழுத்தில் ஒரே தாளாக அச்சிட்டு, அரசு மருத்துவமனைகளின் முதியோர் பிரிவில் ஒட்டலாம். 2021 முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் கையிலும் ஒன்று இருக்கலாம். முதியவரின் பதிவு அட்டையில் ‘சிறு வயதில் பேசிய மொழி’ என்று ஒரு வரி சேர்க்க அரசுக்குச் செலவே கிடையாது.

அடுத்தது நூலகம். நியூசிலாந்தில் மாவோரி மொழி சாகும் நிலைக்கு வந்தபோது, 1982-ல் மழலையர் கூடங்களைத் திறந்து பாட்டி தாத்தாக்களையே அங்கே உட்காரவைத்தார்கள். ‘மொழிக்கூடு’ என்று பெயர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு பாட்டி, பத்துப் பிள்ளைகள், ஒரு கதை. எந்த மொழியில் என்பதை ஊர் முடிவு செய்யட்டும். ஜவ்வாது மலைப் பள்ளிகளில் மலையாளிப் பழங்குடி மூதாட்டிகளின் பேச்சுத் தமிழையே அப்படிக் கேட்கவைக்கலாம். அதிலும் நாம் இழந்த சொற்கள் இருக்கின்றன.

கல்லூரி மாணவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் நடக்கின்றன. அதில் ஒரு நாளை மரம் நடுவதற்குப் பதில், முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய ஒதுக்கலாம். மரத்தை அடுத்த வருடமும் நடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கையில் இருக்கும் போனே போதும். ஒரு சொல்: "பாட்டி, தெலுங்கில் ஏதாவது பேசு" என்று கேமராவை நீட்டாதீர்கள். யாராக இருந்தாலும் வாய் அடைத்துப்போகும். ஒரு முறத்தில் கடலையோ புளியோ கொண்டுபோய் முன்னால் வையுங்கள். எப்படிச் சுத்தம் செய்வது என்று கேளுங்கள். கை வேலை செய்ய ஆரம்பித்தால் வாய் தானாக வரும். பதிவான ஒவ்வொன்றுக்கும் தேதியும் பேசியவர் பெயரும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து எது யார் குரல் என்று தெரியாது. நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

கற்கும் பிள்ளையைத் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். உறவுக்கூட்டத்தில் பையன் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதும் அத்தைகள் எல்லாம் கூடிச் சிரிப்பது நம் வழக்கம். அதோடு அவன் வாயை மூடிக்கொள்வான். என் வாய் மூடியதும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வரவிருக்கிறார். தாய்மொழி எது என்ற கேள்வி வழக்கமாக இருக்கும். சிறு வயதில் அம்மா உங்களிடம் எந்த மொழியில் பேசினாரோ அதுதான் தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் விளக்கம். வாசலில் நின்றபடி குடும்பத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் மூத்தவரைக் கூடத்துக்கு அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பதிலை அவரையே சொல்லவிடுங்கள்.

என் மகனுக்குத் தாய்மொழி தமிழ். அதில் மாற்றமில்லை. ஆனால் அறிந்த பிற மொழிகள் என்று அடுத்து ஒரு கட்டம் வரும். அதில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் எழுத இன்னோர் இடம் இருக்கிறது. அவ்வாவின் நாற்பது பக்க நோட்டு இப்போது அவன் மேஜையில்.